கறுப்பு அடித்த அலுமினியம்

பக்கி மேட்டிலிருந்து எழும்பியது. காற்றிலேயே மூக்கு தாழ்ந்து, குப்புற விழுந்து, குட்டிக்கரணம் போட்டு, சக்கரங்கள் வானத்தைப் பார்க்கக் கிடந்தது.

ஓட்டுநர் மேடையில் நின்ற கிரேன்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இதே கதை. போன வாரம் வரை இதே மேட்டில் நான்கு சக்கரமும் ஒன்றாகத்தான் இறங்கும், மதில் மேலிருந்து பூனை குதிப்பது மாதிரி.

வாராவாரம் இந்தக் குடும்பத்தின் கதையைப் படித்து வருகிறவர்களுக்குப் போன வாரத்துச் சாப்பாட்டு மேஜைச் சண்டை நினைவிருக்கும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

இவள் உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறவள். விடுமுறை நாட்களில் ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஓட்டுகிறாள். முழங்கை நீளம்தான் இருக்கும் அந்தக் கார். அந்த வகைக் காருக்குப் பெயர்தான் பக்கி. பக்கி என்றால் திட்டுகிற வார்த்தை என்றுதான் இவளுடைய மாமியார் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். வண்டிக்கு மெக்கானிக்கும் அவரே. இவளுடைய தம்பியை எல்லோரும் சின்னவன் என்பார்கள். ரிமோட் கார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடை அவனுடையது.

போன பந்தயத்தில் முன் சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்ம் முறிந்து இவள் தோற்றாள். இந்தத் தடவை வண்டியில் எதை மாற்றுவது என்பதில்தான் மேஜையில் சண்டை. இன்னும் வேகமான மோட்டார் வேண்டும் என்றான் சின்னவன். எல்லாவற்றையும் உலோகமாக்கிவிடலாம் என்றார் கணவர். இரண்டும் வேண்டாம் என்றாள் இவள். தடம் முழுக்கத் தூசி. வேகத்தை ஏற்றினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்னால் மிருதுவான டயர், முன்பக்க ஷாக் அப்சார்பரில் கொஞ்சம் கெட்டி ஆயில், அவ்வளவு போதும். கடைசியில் இருவரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

இன்று மூன்று சுற்றுகள். ஒவ்வொருவருக்கும் எது சிறந்த சுற்றோ அதை எடுத்துக்கொள்வார்கள். முதலாவதாக வருகிறவருக்கு வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போகும் அணியில் ஓர் இடம். இரண்டாவதாக வருகிறவருக்குக் கைதட்டல்.

பயிற்சி முடிந்ததும் அவள் கீழே இறங்கி, பக்கியை உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். முன்பக்கம் கனத்தது. கணவரிடம் சொன்னாள்.

லேத்காரர் வண்டியை அவசரமாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆயில் கெட்டியாக ஊற்றியிருக்கிறதல்லவா, அதனால் அப்படித் தோன்றும் என்றார். ஆயில் சில சொட்டு, அதற்கு இவ்வளவு கனம் ஏது என்று அவள் கேட்டாள்.

"நீ பதட்டத்துல இருக்கம்மா. வண்டியில ஒண்ணும் இல்ல. விரல் இறுகிப்போயிருக்கு உனக்கு. கொஞ்சம் தண்ணி குடி."

அவள் தம்பியைப் பார்த்தாள். சின்னவன் டயர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவை முன்பே அடுக்கித்தான் இருந்தன.

அவள் போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு வண்டிகளைப் பழுதுபார்க்கும் கூடாரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, யாரும் பார்க்காதபோது வலது கையை நீட்டி, விரல்கள் நடுங்குகின்றனவா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. இருந்தும் சந்தேகப்பட்டாள். ஆட்களின் தலைக்கு மேலே இரும்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிற கை அது. இத்தனை வருடத்தில் அந்தக் கையை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

பின்னால் எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆறாமல் போனது இதுதான்.

முதல் சுற்றில் பயந்து பயந்து ஓட்டினாள். மேட்டை நெருங்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தாள். பட்டியலில் நடுவில் எங்கோ வந்தாள். பக்கத்து மேஜைக்காரரான பல் டாக்டர்தான் முதலில் நின்றார். நரைத்த மீசை, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, யாரையாவது சீண்டாமல் இருக்க முடியாத நாக்கு. அணியில் அந்த ஓர் இடத்துக்கு இவளுக்குப் போட்டி அவர்தான்.

இரண்டாம் சுற்றில் கொஞ்சம் துணிந்தாள். பாதி தூரம் நன்றாகவே போயிற்று. ஒரு வளைவில், ஓரத்தில் பதித்திருந்த குழாயில் முன் சக்கரம் லேசாகத் தட்டியது.

பந்தயத்தில் இது தினப்படி நடப்பதுதான். பிளாஸ்டிக் ஆர்ம் என்றால் வளைந்துகொடுத்து நழுவிவிடும். மிஞ்சிப்போனால் முறியும். முறிந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் புதிதாக மாட்டிவிடலாம். அடியை அது வாங்கிக்கொள்ளும். வண்டியின் உடம்பு தப்பிக்கும். அதற்காகத்தான் அதைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள்.

இன்று ஆர்ம் வளையவில்லை. மந்தமாக ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கவிழ்ந்த வண்டிகளை எடுப்பதற்காகத் தடத்துக்குள் நின்றவர் பக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சக்கரம் நன்றாக இருந்தது. ஆர்ம் நன்றாக இருந்தது. அவை இரண்டும் மாட்டியிருந்த மூக்குப்பகுதி மொத்தமும் அடித்தட்டைப் பிளந்துகொண்டு பிய்ந்து தொங்கியது.

"பல்லு ஆடக்கூட இல்ல. தாடைதான் போயிடுச்சு" என்றார் பல் டாக்டர், எட்டிப் பார்த்து.

அவள் சிரிக்கவில்லை. ஆர்மின் விளிம்பில், குழாயில் உரசிய இடத்தில் வெள்ளையாக ஏதோ மின்னியது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். கறுப்பு உரிந்து நகத்துக்குள் புகுந்தது. அடியில் பளபளவென்று அலுமினியம்.

வண்டியை மேஜையில் வைத்தாள். கணவரைப் பார்த்தாள்.

"எப்ப போட்டீங்க?"

நேற்று, அவள் வேலைக்குப் போயிருந்தபோது என்றார் லேத்காரர். பட்டறை வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தானே அறுத்து, துளை போட்டு, ராவி எடுத்தது என்றார். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. கட்டட வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: வாக்கி-டாக்கியில் கிரேன்காரியின் குரல் உயர்ந்தால் பயமில்லை, தாழ்ந்தால்தான் ஆட்கள் விலகி நிற்பார்கள்.

"கறுப்பு எதுக்கு அடிச்சீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அது... துருப் பிடிக்காம இருக்க."

"அலுமினியத்துக்கா?"

லேத்காரர் இருபது வருடமாக உலோகத்தோடு பிழைக்கிறவர். இதைவிட நல்ல பொய் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கலாம்.

அலுமினியம் போட்டது தப்பு என்றால் தப்போடு போகும். ஆசைப்பட்டுச் செய்துவிட்டார் என்று விட்டுவிடலாம். ஆனால் பிளாஸ்டிக் மாதிரித் தெரிய வேண்டும் என்று உட்கார்ந்து கறுப்பு அடித்து, காய வைத்து, மாட்டியிருக்கிறார். அதற்கு ஆசை என்று பெயர் இல்லை.

"காலையிலயே கேட்டேன்" என்றாள். "கனமா இருக்குன்னு கேட்டேன். என் விரல் இறுகிப்போச்சுன்னு சொன்னீங்க. நான் போய் என் கையைப் பாத்துக்கிட்டேன். நடுங்குதான்னு பாத்துக்கிட்டேன்."

பக்கத்து மேஜைகளில் திருப்புளிகள் நின்றுவிட்டன. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் லேத்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆமா, அடிச்சேன். போன தடவை ஆர்ம் உடைஞ்சப்ப யாரைப் பாத்துச் சிரிச்சாங்க? உன்னையா? என்னை. சொந்தமா பட்டறை வச்சிருக்கான், பொண்டாட்டி வண்டி பிளாஸ்டிக்கால தோக்குதுன்னு இந்த டாக்டரே சொன்னாரு. எனக்கு மானம் இல்லையா?"

"உங்க மானத்தை எதுக்கு என் வண்டியில கொண்டுவந்து மாட்டினீங்க?"

பல் டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

சமாதானம் செய்யும் எண்ணத்தில் சின்னவன் குறுக்கே வந்தான். மாமா ஆசையாகச் செய்தது, அக்காவுக்குச் சொல்லாமல் வைத்திருந்து சந்தோஷப்படுத்த நினைத்தார் என்று இழுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். ஆர்மைக் கோக்கிற ஊசிகள் புதிதாக இருக்கின்றனவே, அவை எந்தக் கடையில் வாங்கியவை என்று கேட்டாள்.

சின்னவன் தரையைப் பார்த்தான். தன் கடையில்தான் என்றான். அலுமினியம் போட்டால் அடி நேரே அடித்தட்டுக்குப் போகும் என்று மாமாவிடம் அப்போதே எச்சரித்ததாகவும் சொன்னான்.

"அவர்கிட்ட எச்சரிச்ச. எங்கிட்ட?"

"மாமாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்கா."

"காலையில டயர் அடுக்கிக்கிட்டிருந்தியே. அப்பவும் அந்த வாக்கைத்தான் காப்பாத்திக்கிட்டிருந்தியாடா?"

அவள் திருப்புளியை எடுத்து வண்டியை மொத்தமாகக் கழற்ற ஆரம்பித்தாள். கழற்றிக்கொண்டே, வேறு என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமே இல்லை, சத்தியமாக இல்லை என்றார் லேத்காரர். சின்னவன் எதுவும் சொல்லவில்லை.

மோட்டாரின் மூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. மோட்டார் முனையில் இருந்த சின்னப் பல்சக்கரம் அவளுடையது இல்லை, அதைவிடப் பெரியது. மோட்டாரை மாற்ற விடவில்லை என்று, அதே மோட்டாரை இன்னும் வேகமாக ஓட வைக்கக் சின்னவன் குறுக்கு வழி பார்த்திருக்கிறான். காலையிலிருந்து வேகம் கொடுக்கும்போதெல்லாம் பின் சக்கரம் ஏன் வழுக்கியது என்று இப்போது புரிந்தது. அதற்கும் அவள் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

லேத்காரருக்கு இது தெரியாது. எட்டிப் பார்த்தவர் முகம் சிவந்தது.

"டேய் மாப்ள, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிடா நீ இதுல கை வைக்கலாம்?"

கூடாரத்தில் யாரோ இருமி இருமிச் சிரிப்பை விழுங்கினார்கள். கிரேன்காரி, அவர் சொன்னது அவர் காதிலேயே போய் விழட்டும் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது போய் விழுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டு பேரும் கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க" என்றாள், பார்வையாளர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டி.

அடுத்த சுற்றுக்கு நேரம் அதிகம் இல்லம்மா, நீ ஒருத்தியாக முடியாது என்றார் லேத்காரர். அவள் அவர் பக்கம் திரும்பாமலேயே, முடியாவிட்டால் தோற்றுப்போகிறேன், அந்தத் தோல்வியாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றாள். இருவரும் கயிற்றைத் தாண்டிப் போய் நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி.

சின்னவன் தன் கடைக்காக வாசலில் போட்டிருந்த மேஜையில், இதே வகை பக்கி ஒன்று பார்வைக்கு இருந்தது. அவள் நேராகப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கவில்லை. அடித்தட்டை ஒரு தடவை மாற்றலாம் என்பது விதி. பரிசோதகர் வந்து பார்த்துத் தலையசைத்தார்.

அதன் அடித்தட்டு, அதன் மூக்கு, அதன் பிளாஸ்டிக் ஆர்ம்கள். தன் வண்டியிலிருந்து ஷாக்குகள், மோட்டார், பேட்டரி, சக்கரங்கள். பழைய பல்சக்கரத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். கோபத்தில் கை வேகமாக ஓடியது. ஆனால் ஒரு திருகாணியும் கோணலாக இறங்கவில்லை. மோட்டாரைப் பொருத்தும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டாள். ஒருவர் மோட்டாரை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முடுக்க வேண்டும். இல்லையென்றால் பல்லோடு பல் சரியாகக் கடிக்காது. வீட்டில் இதை எப்போதும் லேத்காரர்தான் பிடிப்பார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான் பிடிக்கறேன்" என்று பல் டாக்டர் குனிந்தார். "ஆடாம பிடிக்கறதுதானே என் பிழைப்பு."

"உங்களுக்கு எதிரா ஓடற வண்டி டாக்டர் இது."

"தெரியும். ஓடாத வண்டியை ஜெயிச்சு நான் எங்க போய்ப் பீத்திக்கறது? அன்னைக்கு நான் சொன்னதும் வாய்க்கொழுப்புதான்."

அவர் பிடித்தார். அவள் முடுக்கினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி தன்னைத் திட்டியதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தன் இடத்தில் இன்னொருவர் விரல் இருப்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. அதை அவளும் கவனித்தாள். கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைத்தாள்.

கடைசிச் சுற்றுக்கு மேடை ஏறியபோது அவளுக்கு நெஞ்சு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் வளைவில் அந்தக் கொதிப்பு விரலுக்கு இறங்கிவிட்டது. தேவைக்கு மேல் வேகம் கொடுத்தாள். வண்டி அகலமாக விலகிப் போயிற்று. இரண்டு பேர் உள்பக்கமாக அவளைத் தாண்டினார்கள்.

அவள் கால்விரல்களைச் செருப்புக்குள் மடக்கி அழுத்தினாள். கோபம் எங்காவது இருந்துதான் ஆக வேண்டும் என்றால் அங்கே இருக்கட்டும். விரல்கள் லேசாயின.

மேடு வந்தது. குறைக்கவில்லை. பக்கி எழும்பி, மட்டமாக மிதந்து, நான்கு சக்கரத்தையும் ஒன்றாகத் தரையில் வைத்தது.

ஆக, கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. காலையிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் இன்னும் கோபம்தான் வந்தது. அதையும் கால்விரலுக்கு அனுப்பினாள். தாண்டிப்போன இருவரையும் ஒவ்வொருவராகப் பிடித்தாள். வளைவில் குழாயை உரசினாள்; ஆர்ம் வளைந்து நிமிர்ந்தது; வண்டி நழுவி ஓடிற்று. கடைசி வளைவில் பல் டாக்டரின் வண்டி முன்னால் இருந்தது. அவர் கொஞ்சம் அகலமாகத் திரும்பினார். அவள் உள்ளே புகுந்தாள். வெளியே வரும்போது அவள்தான் முன்னால் இருந்தாள். கோட்டைத் தாண்டும்போதும் அப்படியே.

பலகையில் நேரங்கள் ஏறின. அன்றைய எல்லாச் சுற்றுகளிலும் அவளுடைய கடைசிச் சுற்றுதான் சிறந்தது. அணியில் இடம் அவளுக்கு.

பல் டாக்டர் ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தார். அடுத்த தடவை மோட்டாரைப் பிடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்த முறை அவள் சிரித்தாள்.

கீழே இறங்கியபோது லேத்காரர் கயிற்றைத் தாண்டி ஓடி வந்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பு இல்லை.

"ஜெயிச்சிட்டோம்மா" என்றார்.

அந்த 'டோம்' அவள் காதில் குத்தியது. பக்கியின் சுவிட்சை முதலில் அணைத்தாள், பிறகு ரிமோட்டின் சுவிட்சை. இரண்டையும் மேஜையில் வைத்தாள். சின்னவனும் வந்து நின்றான். ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளப் பார்க்கும் இரண்டு பெரிய ஆண்கள்.

திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

"எங்கிட்ட சொல்லாம மாத்தினது கார்ல மட்டும்தானா?"

குத்திக்காட்டத்தான் கேட்டாள். இல்லவே இல்லை என்று இருவரும் அலறுவார்கள், அப்போது இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டலாம் என்று எதிர்பார்த்தாள்.

யாரும் அலறவில்லை.

லேத்காரரின் கண் மெல்ல நகர்ந்து சின்னவனிடம் போயிற்று. சின்னவன் திருப்புளிகளைப் பெட்டியில் போட ஆரம்பித்தான். யாரும் அவனை எடுத்துவைக்கச் சொல்லவில்லை.

பரிசு வாங்க வரும்படி மைக்கில் அவளைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது. மறுபடி கூப்பிட்டார்கள்.

அவள் மடக்கு நாற்காலியை இழுத்து, இருவருக்கும் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"பெட்டியைக் கீழே வைடா" என்றாள், தாழ்ந்த குரலில்.